பாறு கழுகுகளின் வீழ்ச்சி

பாறு கழுகு என்பது இறந்த விலங்குகளின் உடலை மட்டுமே பெரும்பாலும் உண்டு வாழும் பெரிய பறவை. மக்கள் வழக்கில் இது பிணந்தின்னிக் கழுகு எனப்படுகிறது. பாறு, எருவை ஆகியவை இதற்குரிய பழந்தமிழ்ப் பெயர்கள். 1980-களில் இந்தியாவின் ஊர்ப்புறங்களில் காக்கையைப் போல எளிதாகக் காணக்கூடியதாக இருந்த இப்பறவை, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ அழிந்துபோனது. யாரும் இதை வேட்டையாடவில்லை. இதன் காடுகளும் ஒரே நாளில் அழிக்கப்படவில்லை. மாடுகளின் வலியைத் தணிக்கக் கொடுக்கப்பட்ட ஒரு மருந்தே இந்த அழிவுக்குக் காரணமாயிற்று.

இயற்கையின் துப்புரவாளர்

பாறு கழுகின் உடலமைப்பு முழுவதும் ஒரே வேலைக்காக அமைந்தது. தலையிலும் கழுத்திலும் இறகு மிகக் குறைவு என்பதால், இறந்த விலங்கின் உடலுக்குள் தலையை விட்டு உண்ணும்போது அழுக்கு அதிகம் ஒட்டுவதில்லை. இந்தியப் பாறு கழுகுகள் மோப்பத்தால் இரை தேடுவதில்லை. மிக உயரத்தில் வட்டமிட்டபடி கண்ணாலேயே இரையைக் கண்டுபிடிக்கின்றன. ஒன்று கீழே இறங்குவதைக் கண்டு தொலைவில் பறக்கும் மற்றவையும் வந்து சேரும். ஒரு பெரிய கூட்டம் ஒரு மாட்டின் உடலைச் சில மணி நேரத்தில் எலும்பு மட்டும் எஞ்சும்படி உண்டு முடித்துவிடும். இவற்றின் வயிற்றில் சுரக்கும் அமிலம் மிகவும் வலிமையானது. பிற விலங்குகளுக்கு நோய் தரும் பல நுண்ணுயிரிகள் அதில் மடிந்துவிடுகின்றன.

இந்தியாவில் 50 கோடிக்கும் மேற்பட்ட கால்நடைகள் உள்ளன. மாடு இறந்தால் தோலை உரித்துக்கொண்டு உடலை ஊருக்கு வெளியே போட்டுவிடுவது பல பகுதிகளில் நெடுங்கால வழக்கம். மீதி வேலையைக் கழுகுகள் பார்த்துக்கொண்டன. இதற்காக எந்த ஊராட்சியும் ஒரு காசு செலவிட்டதில்லை. அதனாலேயே இந்தப் பணிக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதும் யாருக்கும் தோன்றவில்லை.

கூடுகள் வெறுமையான காலம்

வீழ்ச்சி முதலில் கவனிக்கப்பட்டது இராசத்தான் மாநிலம் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாசு அங்கு 1987-88-இல் வெண்முதுகுப் பாறுகளின் 353 கூடுகளைக் கணக்கிட்டிருந்தார். 1996-97-இல் அவற்றில் பாதிகூட இல்லை. மரக்கிளைகளில் கழுத்தைத் தொங்கவிட்டபடி சோர்ந்து உட்கார்ந்திருந்த பறவைகள் சில நாட்களில் இறந்து விழுந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அப்பூங்காவில் அவற்றின் கூடுகளே இல்லாமல் போயின.

நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்புகளும் இதையே காட்டின. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 விழுக்காடு குறைந்தது. அதாவது ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்று மட்டும் எஞ்சியது. மற்ற இரு இனங்களும் சேர்ந்து ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்தன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2000-ஆம் ஆண்டிலேயே இம்மூன்று இனங்களையும் மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

காரணம் கண்டுபிடிக்கப்பட்ட விதம்

தொடக்கத்தில் தொற்றுநோய் என்றும், பூச்சிக்கொல்லி என்றும் ஐயங்கள் எழுந்தன. பாகிசுத்தானின் பஞ்சாப் பகுதியில் லிண்ட்சே ஓக்சு தலைமையிலான குழு இறந்த கழுகுகளை அறுத்து ஆராய்ந்தது. பெரும்பாலானவற்றின் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெண்ணிறப் படிவு காணப்பட்டது. அது யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்தால் பறவையின் உடலில் இந்த அமிலம் வெளியேறாமல் தேங்கிவிடும்.

சிறுநீரகத்தைக் கெடுத்தது எது என்பதே அடுத்த கேள்வி. கிருமியோ அறியப்பட்ட நஞ்சோ அகப்படவில்லை. கழுகுகளின் உணவு முழுவதும் கால்நடைகளிடமிருந்தே வருவதால், கால்நடைகளுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளின் பக்கம் ஆய்வு திரும்பியது. காய்ச்சல், மடிநோய், மூட்டுவலி ஆகியவற்றுக்கு டைக்ளோஃபினாக் என்ற மலிவான வலிநிவாரணி பரவலாகப் பயன்பட்டு வந்தது. வெண்படிவு இருந்த 25 கழுகுகளைச் சோதித்தபோது 25-இலும் இம்மருந்தின் எச்சம் இருந்தது. படிவு இல்லாத 13-இல் ஒன்றில்கூட இல்லை. 2004-இல் இந்த முடிவு நேச்சர் இதழில் வெளியானது.

மருந்து கொடுத்த சில நாட்களுக்குள் இறந்துபோகும் மாடுகளின் உடல் மட்டுமே ஆபத்தானது. நூற்றில் ஒரு மாட்டின் உடலில் மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய வீழ்ச்சிக்குப் போதும் எனக் கணக்கீடுகள் காட்டின. ஏனெனில் ஒரே உடலைப் பல கழுகுகள் சேர்ந்து உண்கின்றன. கூட்டமாக உண்ணும் பழக்கமே அவற்றுக்கு எமனாயிற்று. மேலும் ஓர் இணை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். இழப்பை விரைவில் ஈடுகட்ட அவற்றால் இயலாது.

மனிதர் கொடுத்த விலை

கழுகுகள் மறைந்ததும் இறந்த மாடுகளின் உடல்கள் வெளியில் அழுகிக் கிடந்தன. அந்த உணவைத் தெருநாய்கள் எடுத்துக்கொண்டன. நாய்களால் கழுகுகளைப் போல விரைவாக உடலை அகற்ற இயலாது. அவை வெறிநோயையும் பரப்பக்கூடியவை. நாய்களின் பெருக்கத்தால் 1992 முதல் 2006 வரை இந்தியாவில் ஏறத்தாழ 48,000 பேர் கூடுதலாக வெறிநோயால் இறந்திருக்கலாம் என 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

2024-இல் பொருளியலாளர்கள் இயால் பிராங்க், அனந்த் சுதர்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் விரிவானது. கழுகுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும், தொடக்கத்திலிருந்தே அவை குறைவாக இருந்த மாவட்டங்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். முன்னைய மாவட்டங்களில் மனித இறப்பு 4 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்திருந்தது. வெறிநோய், நீர் மாசு முதலியவற்றால் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 இலட்சம் பேர் கூடுதலாக இறந்தனர் என்பது அவர்களின் மதிப்பீடு.

இழப்பு பண்பாட்டையும் தொட்டது. இறந்தோரின் உடலைக் கழுகுகளுக்கு அளிக்கும் மரபுடைய மும்பைப் பார்சி மக்கள், கழுகுகள் வராமல் போனதால் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளைப் பயன்படுத்தத் தொடங்கினர்.

தடையும் மீட்பும்

2006-இல் இந்தியா, நேபாளம், பாகிசுத்தான் ஆகிய நாடுகள் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தன. மெலாக்சிகம் என்ற மாற்று மருந்து கழுகுகளுக்குத் தீங்கற்றது எனச் சோதனையில் தெரிந்தது. ஆனால் மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் தொடர்ந்தது. எனவே 2015-இல் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. கழுகுகளுக்குத் தீங்கான கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய மருந்துகளின் கால்நடைப் பயன்பாடு 2023-இல் தடை செய்யப்பட்டது.

அரியானாவின் பிஞ்சோரில் பாறு கழுகு இனப்பெருக்க மையம் நிறுவப்பட்டது. இராமாயணத்தில் சீதையைக் காக்கப் போராடி உயிர்விட்ட சடாயுவின் பெயரையே அது தாங்கியுள்ளது. நேபாளத்தில் 'கழுகு உணவகங்கள்' தோன்றின. முதிர்ந்த மாடுகளை இயற்கையாக இறக்கும்வரை வளர்த்து, மருந்து கலவாத உடலைக் கழுகுகளுக்கு வைக்கும் இடங்கள் இவை.

தமிழ்நாட்டில் பாறு கழுகுகள்

செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள திருக்கழுக்குன்றம் கழுகால் பெயர்பெற்ற ஊர். இங்குள்ள மலையில் நண்பகலில் அர்ச்சகர் கையால் உணவு பெற இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்துகொண்டிருந்தன. தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்டுவந்த இக்காட்சி 1990-களுக்குப் பின் இல்லை. ஊரின் பெயரில் மட்டும் கழுகு எஞ்சியுள்ளது.

தமிழ்நாட்டில் இன்று பாறு கழுகுகளைக் காண வேண்டுமானால் நீலகிரி மலையடிவாரத்திலுள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குச் செல்ல வேண்டும். முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே ஆற்றங்கரை நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. புலியும் செந்நாயும் விட்டுச்செல்லும் மான், காட்டெருமை ஆகியவற்றின் உடல்களில் மருந்து கிடையாது. 2023 திசம்பரில் தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் ஒரே நேரத்தில் நடந்த கணக்கெடுப்பில் 320 பாறு கழுகுகள் பதிவாயின. அவற்றில் 217 வெண்முதுகுப் பாறுகள். புலி, சிறுத்தையைப் பழிவாங்க இறந்த மாட்டின் உடலில் நஞ்சு தடவும் செயல் இன்றும் இவற்றுக்கு அச்சுறுத்தலாக உள்ளது.

ஒரு காலத்தில் அருவருப்பாகப் பார்க்கப்பட்ட பறவை செய்துவந்த வேலையின் அளவு, அது மறைந்த பின்னரே எண்களாகத் தெரியவந்தது. மாட்டுக்கு ஊசி போடும்போது எந்த மருந்து என்று கேட்டு மெலாக்சிகத்தைத் தேர்வு செய்யும் ஒவ்வொரு வளர்ப்பாளரும், வானில் எஞ்சியுள்ள இப்பறவைகளின் காவலராகிறார்.