நீர் குளிர்வித்த புகை: ஹூக்காவின் நுட்பமும் ஒரு நம்பிக்கையின் வரலாறும்

1604ஆம் ஆண்டு பீஜப்பூர் தூதுப்பணியை முடித்துக்கொண்டு அக்பரின் அவைக்குத் திரும்பிய அசத் பேக், பிற பரிசுகளோடு சிறிது புகையிலையையும் கொண்டுவந்தார். போர்த்துகீசியர் வழியே தக்காணத்தில் பரவியிருந்த அவ்விலையைப் போன்றதொன்றைத் தாம் அதற்குமுன் இந்தியாவில் கண்டதில்லை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். மணிகள் பதித்த நீண்ட தண்டு, ஏமன் நாட்டுக் கல்லால் செய்த வாய்முனை, பொன்னாலான எரிகலம் ஆகியவை கொண்ட புகைக்குழாயைப் பேரரசர்முன் வைத்தார். அக்பர் இரண்டு மூன்று முறை இழுத்தார். அருகிலிருந்த மருத்துவர் தடுத்தார். நம் நூல்களில் குறிப்பிடப்படாத, சோதித்தறியாத பொருள் இது என்பது அவரது வாதம். உலகிலுள்ள ஒவ்வொரு வழக்கமும் ஒருகாலத்தில் புதியதாகத்தானே இருந்தது என்று அசத் பேக் மறுமொழி கூறினார். மறுமொழியைப் பேரரசர் பாராட்டினார். ஆயினும் அப்பழக்கத்தை மேற்கொள்ளவில்லை. பிரபுக்கள் மேற்கொண்டனர். விரைவில் வணிகர் விற்கத் தொடங்கினர்.

இந்நிகழ்ச்சி ஒரு புகழ்பெற்ற கதையை ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. அக்பரின் அவை மருத்துவரான ஹகீம் அபுல் ஃபத் கிலானி, புகையிலையின் தீமையைப் போக்கும்பொருட்டுப் புகையை நீரினூடே செலுத்தும் ஹூக்காவைக் கண்டுபிடித்தார் என்று நூல்களும் இணையப் பக்கங்களும் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. அபுல் ஃபத் மறைந்த ஆண்டு 1589. அசத் பேக் புகையிலையோடு அவைக்கு வந்தது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. அவர் வருணிக்கும் கருவியில் தண்ணீர்க் கலமும் இடம்பெறவில்லை. அவைக்கு வராத ஒரு பொருளின் தீமையை நீக்க, முன்பே மறைந்துவிட்ட ஒருவர் கருவி செய்தார் என்பது கால வரிசையோடு பொருந்தவில்லை.

அப்படியாயின் அக்கதை ஏன் நிலைத்தது? ஒரு மருத்துவரின் பெயர் ஒட்டிக்கொண்டால், பழக்கம் மருந்தின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. ஜஹாங்கீர் காலத்தில் ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவின் பாதிரியாராக இங்கு வாழ்ந்த எட்வர்ட் டெர்ரி, மண்கலத்தில் நீர் நிரப்பி, மேலே புகையிலையும் தணலும் வைத்து, நாணல் குழாயால் இழுக்கும் முறையை விவரித்துள்ளார். புகை நீரின் நிறத்தை மிகவும் மாற்றிவிடுகிறது என்றும், இவ்வாறு இழுத்தால் புகை குளிர்ச்சியாகவும் உடலுக்கு நலமாகவும் அமையும் என்று மக்கள் நம்புகின்றனர் என்றும் அவர் குறிக்கிறார். நம்பிக்கையின் வேர் இங்கே தெரிகிறது. நீர் கறுத்தது, ஆகவே அழுக்கு நீரில் தங்கிவிட்டது என்று கண் முடிவு செய்தது. புகை தொண்டையை உறுத்தவில்லை. ஆகவே தீங்கில்லை என்று தொண்டை முடிவு செய்தது.

அரசு இவ்வளவு எளிதாக நம்பிவிடவில்லை. புகையிலை பலருடைய உடலையும் மனத்தையும் கெடுக்கிறது என்று கருதி, 1617இல் ஜஹாங்கீர் அதைத் தடை செய்தார். ஈரானில் ஷா அப்பாஸும் தடை விதித்திருந்தார். அங்கே தூது சென்ற கான் ஆலமோ புகையின்றி ஒரு கணமும் இருக்க இயலாதவர். அவருக்கு மட்டும் ஷா விலக்கு அளிக்க நேர்ந்தது. இதனை ஜஹாங்கீரே தம் நினைவுக் குறிப்பில் பதிந்துள்ளார். தடை நிலைக்கவில்லை. பழக்கம் வேரூன்றியது.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஹூக்கா ஒரு கலையாக வளர்ந்தது. பீதரில் துத்தநாகக் கலவையைக் கறுப்பாக்கி, வெள்ளி இழை பதித்து ஹூக்கா அடிக்கலங்கள் செய்தனர். கம்பெனி ஆட்சிக்காலக் கல்கத்தாவில் ஹூக்காவைக் கவனிக்கவென்றே ‘ஹூக்காபர்தார்’ என்னும் பணியாள் இருந்தார். 1779இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் இல்லத்து இசைவிருந்துக்கு அனுப்பப்பட்ட அழைப்பு, ஹூக்காபர்தாரைத் தவிர வேறு பணியாளரை அழைத்துவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது.

அப்பணியாளின் திறமை முழுவதும் நெருப்பை அடக்குவதில் இருந்தது. வெல்லப்பாகு சேர்த்துப் பிசைந்த ஈரப் புகையிலையைச் சிலத்தில் இறுக்காமல் நிரப்ப வேண்டும். இறுக்கினால் காற்று ஊடுருவாது. தணல் நேராகப் படாதவாறு இடையில் தவா என்னும் தகட்டை வைக்க வேண்டும். தணல் மிகுந்தால் இலை கருகிப் புகை கசக்கும். குறைந்தால் மணம் எழாது. இழுப்பும் நிதானமாக இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் அடிப்படை ஒன்றே: இலை தீப்பற்றுவதற்கு முன்பே அதன் மணப்பொருள்களும் நிகோடினும் ஆவியாகத் தொடங்கிவிடும். எரிக்காமல் வாட்டுவதே நுட்பம்.

இன்று கையடக்கமான உலர்மூலிகை ஆவியாக்கிகளுக்குக் கூறப்படும் விதிகளும் ஏறத்தாழ இவையே. இலையை ஒரே அளவாகப் பொடித்தல், அறையை இறுக்காமல் நிரப்புதல், வெப்பத்தை ஏறத்தாழ 160 முதல் 220 பாகை செல்சியசுக்குள் படிப்படியாக உயர்த்துதல், மெதுவாக இழுத்தல், படிந்த பிசினைத் துடைத்தல். தணலின் இடத்தில் மின்கலம் வந்திருக்கிறது. ஹூக்காபர்தாரின் கைப்பக்குவத்தை வெப்பமானி ஏற்றுக்கொண்டிருக்கிறது. கூடவே அந்தப் பழைய நம்பிக்கையும் வந்திருக்கிறது: உறுத்தாத புகை தீங்கில்லாத புகை.

இங்குதான் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சுவை மேம்பட்டதா என்பது ஒன்று. உடல் காக்கப்பட்டதா என்பது மற்றொன்று. ஹூக்காவில் நீர் புகையைக் குளிர்வித்தது, நிகோடினில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்தது. ஆனால் தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடை அதனால் தடுக்க இயலவில்லை. அவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர்ந்த புகையை மனிதர் ஆழமாகவும் நெடுநேரமும் இழுத்தனர். ஒரு மணி நேர ஹூக்கா அமர்வில் உள்ளிழுக்கப்படும் புகையின் கொள்ளளவு, ஒரு சிகரெட்டில் இழுப்பதைப்போல 100 முதல் 200 மடங்கு வரை இருக்கக்கூடும் என்று 2005இல் உலக சுகாதார அமைப்பின் அறிவுரைக் குறிப்பு எச்சரித்தது. உறுத்தலைக் குறைத்த அதே நுட்பம் அளவைக் கூட்டிவிட்டது.

மின்கல ஆவியாக்கியில் தணல் இல்லை. ஆகவே தணலின் நச்சுவாயுவும் இல்லை. இந்த வேறுபாடு உண்மையானது. ஆயினும் இலை புகையிலையாயின் நிகோடினும் அதற்கு அடிமையாதலும் எஞ்சியே நிற்கும். 2019இல் இந்தியா இயற்றிய மின்னணு சிகரெட் தடைச் சட்டத்தின் வரையறை, எரிக்காமல் சூடாக்கும் பொருள்களையும் மின்-ஹூக்காவையும் பெயர் சொல்லியே உள்ளடக்குகிறது. அக்பர் அவையில் தொடங்கிய வழக்கு நாடாளுமன்றம் வரை வந்துவிட்டது.

அசத் பேக்கின் மறுமொழி வரலாற்றில் நின்றது. மருத்துவரின் தயக்கம் ஒரு சுவையான நிகழ்ச்சியின் ஓரத்தில் ஒதுங்கியது. புதியது என்பதற்காக ஒன்றைத் தள்ள வேண்டியதில்லை என்று அசத் பேக் கூறியது சரியே. ஆனால் மருத்துவர் கேட்டது அதுவன்று. அவர் கேட்டது, இது சோதிக்கப்பட்டதா என்பது. ஒவ்வொரு புதிய கருவியின் முன்னும் மீண்டும் கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுவே.