மனைநொச்சி

ஆடி மாதத்தில் பொதிகைச் சாரலோடு புறப்படும் மேல்காற்று, தாமிரபரணியின் கரையோரமாகவே கல்லிடைக்குறிச்சியையும் சேரன்மாதேவியையும் கடந்து எங்கள் வளவுக்குள் புகும்பொழுது, தென்னை தன் ஓலையைச் சிலுப்பிக்கொள்ளும். முருங்கை ஒரு கொப்பையேனும் முறித்துக்கொள்ளும். புழக்கடை வாய்க்காலோரம் ஆள் உயரத்துக்குச் சற்று மேலாக நிற்கும் நொச்சியோ ஒரு கணத்தில் தன் நிறத்தையே மாற்றிக்கொள்ளும். மேற்புறம் கரும்பச்சையாக இருக்கும் அதன் இலைகள் யாவும் காற்றில் மறிந்து அடிப்புறத்தைக் காட்ட, மரம் முழுவதும் புதிதாக ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரம்போல் பளபளக்கும். வெயிலின் உக்கிரத்தைத் தாங்கவும் இலையின் ஈரம் விரைந்து ஆவியாகிவிடாமல் காக்கவும் இயற்கை அவ்வடிப்புறத்தில் நுண்ணிய வெண்மயிரைப் படரவிட்டிருக்கின்றது. வெள்ளியாக நம் கண்ணுக்குத் தோன்றுவது அம்மயிரின் நிறமே. வெண்ணொச்சி என்ற பெயர் இவ்விலையை நோக்கி எழுந்ததென்றே நான் கொள்கிறேன். பூவை நோக்கி எழுந்திருக்குமாயின், இளநீலமும் ஊதாவும் கலந்த அந்த மலர்க்கொத்துக்கு வெண்மையை ஏற்றிச் சொல்ல நியாயமில்லை.

அழகுக்காக மரம் வளர்ப்போர் வெளிநாட்டுச் செடிகளை விலை கொடுத்து வாங்கி வருகின்ற இக்காலத்தில், இம்மரத்தை யாரும் அழகுக்காக வளர்ப்பதாகச் சொல்வதில்லை. மருந்துக்கு என்பார்கள், வேலிக்கு என்பார்கள். எங்கள் வீட்டு ஆச்சி உயிரோடிருந்த காலத்தில், பிள்ளை பெற்றவள் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் வெந்நீரில் நொச்சித் தழை வேகாமல் இருந்ததில்லை. ஜலதோஷம் பிடித்தவன் போர்வைக்குள் குனிந்து ஆவி பிடிப்பதும் அத்தழையில்தான். தலைப்பாரத்துக்கு உலர்ந்த இலையை அடைத்துத் தைத்த தலையணை ஒன்று எப்போதும் பரணில் இருக்கும். அறுவடை முடிந்து நெல்லைக் குலுக்கையில் கொட்டும்பொழுது, "ஏல, நொச்சிக் கொப்ப ஒடிச்சிட்டு வால, இல்லைன்னா அந்து விழுந்துரும்" என்று அவள் குரல் கொடுப்பாள்; அடுக்குக்கு அடுக்கு நொச்சித் தழை கிடக்கும். ஆடு மாடுகள் அதன் காரமான வாசனையை விரும்பாமல் ஒதுங்குவதால், கொல்லைக்கு அதைக்காட்டிலும் கவலையற்ற வேலி வேறில்லை. ஆடு தொடாத இக்குணத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நொச்சி என்னும் சொல்லின் சரித்திரமே இதைப் பற்றிக்கொண்டு நடந்ததென்பது என் துணிபு.

நொச்சி என்றவுடன் தமிழ் படித்தவருக்கு முதலில் நினைவுக்கு வருவது கோட்டை மதிலே. முற்றுகையிடப்பட்ட மதிலை உள்ளிருந்து காப்பவர் சூடும் பூ நொச்சி என்பதும், அதனால் அப்போருக்கே நொச்சி என்று பெயராயிற்று என்பதும் பள்ளிப் பருவத்திலேயே பாடமாகிவிடுகின்றன. ஆயினும் தொல்காப்பியம் நொச்சியைத் தனித் திணையாக எண்ணவில்லை. மதிலை வளைத்தலையும் காத்தலையும் உழிஞை ஒன்றனுள்ளேயே அடக்கிவிட்டது. நொச்சிக்கென்று தனிப் படலம் வகுத்து நமக்குக் கிடைப்பது ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையிலேதான். ஆக, போர்க்களத்தில் அச்சொல் பெற்ற பெரும் பதவி இலக்கணத்தில் பிற்காலத்தே உறுதிப்பட்டது. அதற்கு முன் அது எங்கே இருந்தது என்று தேடுவோமாயின், வீட்டு முற்றத்தில் இருந்தது என்றே சங்க நூல்கள் விடை தருகின்றன.

அகநானூற்றின் 21-ஆம், 23-ஆம் பாட்டுக்களில் நொச்சி மனையைச் சார்ந்த மரமாக வருகின்றது. அதன் தாழ்ந்த கிளைகளின்மேல் மௌவற்கொடி படர்ந்து பூத்திருக்கின்றது. கொல்லன் அழிசி பாடிய குறுந்தொகை 138-ஆம் செய்யுளில், ஊர் உறங்கியும் உறங்காத பெண்ணொருத்தி வீட்டருகே நொச்சிப்பூ உதிரும் ஓசையைக் கேட்டிருக்கிறாள்; அதன் இலைக்கு அப்புலவர் கூறும் உவமை மயிலின் அடி. மூன்று விரல் விரிந்த அவ்வடியை ஒருமுறை ஈர மணலில் பார்த்துவிட்டு நொச்சியின் கொழுந்தைப் பார்ப்பவர், அவ்வுவமையின் நுட்பத்தை வியக்காமல் இருக்க முடியாது. பொதிகைக் காடுகளில் ஓங்கி வளரும் இதன் இனத்து மரமொன்றை மயிலடி என்றே இன்றும் அழைக்கிறார்கள்.

நற்றிணையோ இன்னொருவர் தலையிலும் நொச்சியைச் சூட்டுகின்றது. அதன் 200-ஆம் பாட்டில், அகன்ற தெருவில் திருவிழாவை அறிவித்துச் செல்பவன் நொச்சிமாலை அணிந்த முதிய குயவன். 293-ஆம் பாட்டிலும் பலியிடும் குயவன் அம்மாலையோடே தோன்றுகிறான். காருகுறிச்சியில் இன்றும் சக்கரம் சுழற்றும் வேளார் குடும்பங்களைக் காணும்பொழுதெல்லாம் இவ்விரு பாட்டுக்களும் என் நெஞ்சில் எழுவதுண்டு. போர் வீரனுக்குரிய பூவாக மட்டும் நொச்சி இருந்திருக்குமாயின், ஊர்த்தெய்வத்துக்குப் பலி கொடுக்கும் மண்வினைஞன் அதைச் சூடியிருப்பானோ?

புறநானூற்றில் இது குறித்த பாட்டுக்கள் இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. மோசிசாத்தனார் பாடிய 272-ஆம் பாட்டு, மரங்கள் பலவற்றுள்ளும் காதலுக்குரியது நொச்சியே என்று அதனை முன்னிலைப்படுத்திப் பேசுகின்றது. அதற்கு அவர் காட்டும் காரணங்களில் முன்னே நிற்பது இளமகளிர் அதனைத் தழையாடையாக அணிதல், பின்னே வருவதே மதில் காக்கும் வீரன் தலையில் சூடுதல். வெறிபாடிய காமக்கண்ணியாரின் 271-ஆம் பாட்டிலும் அதுவே முறை: மகளிரின் அல்குலில் தழையாகக் கண்ட நொச்சியை, பின்னர்க் குருதியில் தோய்ந்து கிடக்கப் பருந்து ஊனென்று கருதிக் கவர்ந்து செல்வதைக் காண்கிறோம். வீட்டிலிருந்து புறப்பட்டுத்தான் நொச்சி மதிலுக்குச் சென்றது. காக்கப்படுவது எதுவோ அதன் அடையாளத்தையே காப்பவன் சூடினான் என்று கொள்வதில் தவறில்லை.

நிகண்டுகளும் அவற்றின்வழி வந்த அகராதிகளும் நொச்சி என்பதற்கு மரத்தையும் திணையையும் மட்டுமன்றி, மதில் என்றும் சிற்றூர் என்றும் பொருள் எழுதியிருக்கின்றன. மதில் காப்போர் சூடிய பூவின் பெயர் மதிலுக்கே ஆயிற்று என்று விளக்குவது எளிது. ஆனால் சிற்றூர் என்னும் பொருளுக்கு அவ்விளக்கம் எட்டாது. கொல்லையைச் சுற்றி ஆடு தொடாத உயிர்வேலியாக நின்றது நொச்சி, வேலி காவலாயிற்று, காவல் மதிலாயிற்று, வேலிக்குள் அடங்கிய குடியிருப்பு சிற்றூராயிற்று என்று கொண்டால், சிதறிக் கிடக்கும் பொருள்கள் அனைத்தும் ஒரே வேரில் வந்து சேர்கின்றன. பாளையங்கோட்டைக்குப் பெயர் தந்த கோட்டையில் இன்று எஞ்சியிருப்பவை சில பகுதிகளே; 1799-இலும் மறுபடி 1801-இலும் முற்றுகைகளைத் தாங்கிய பாஞ்சாலங்குறிச்சியின் மண்மதிலும் தரையோடு தரையாயிற்று. நொச்சிவேலியோ வெட்ட வெட்டத் தழைக்கின்றது.

ஊர்ப்பெயர்களில் இச்சொல் ஊன்றி நிற்பதும் இதனாலேதான். பாளையங்கோட்டை வட்டாரத்து நொச்சிகுளமும், திருச்சியை அடுத்த நொச்சியமும், சென்னைக் கடற்கரையின் நொச்சிக்குப்பமும் எல்லோரும் அறிந்தவை. சங்கப் புலவருள் ஒருவர் நொச்சிநியமங்கிழார். தாமிரபரணிக் கரையிலுள்ள இராசவல்லிபுரத்திற் பிறந்த ரா. பி. சேதுப்பிள்ளை, மரமும் குளமும் ஊர்களாகிய வரலாற்றை 1946-இல் "ஊரும் பேரும்" என்று எழுதி நம் கண்ணைத் திறந்தார்.

மலையாளிகளும் நொச்சி என்றே வழங்க, கன்னடர் நெக்கி என்றும் லக்கி என்றும் சொல்கிறார்கள். தெலுங்கர் மட்டும் வாவிலி என்று விலகிவிட்டார்கள். நொய்ம்மை என்னும் சொல்லோடு நொச்சியை முடிச்சிட எனக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது. கன்னடத்து நெக்கியைக் கண்ட பின் அவ்வாசையைக் கைவிட்டேன். வடமொழியில் அமரகோசம் சிந்துவாரம், நிர்குண்டி என்னும் பெயர்களைக் கொடுக்கின்றது. அவற்றுள் சிந்துவாரம் தமிழில் குறிஞ்சிப்பாட்டின் பூக்களுக்கிடையே இடம்பெற்றுவிட்டது; உரைகாரர் அதனைக் கருநொச்சி என்பர். குமாரசம்பவத்தின் மூன்றாம் சருக்கத்தில் காளிதாசன், வசந்த காலத்துப் பார்வதிக்கு முத்துமாலையின் இடத்தில் சிந்துவாரப் பூவை அணிவிக்கிறான். நம் புலவர்களுக்கோ நொச்சிப்பூ நீலமணி. கொற்கை முத்தைக் கையால் அளந்து பார்த்த பாண்டிநாட்டார், இப்பூவை முத்தென்று சொல்ல ஒருப்பட்டிருக்க மாட்டார்கள்.

நிர்குண்டி மேல்கடற்கரையில் நெகுண்டோ என்று திரிந்தது. 1563-இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்து நூலில் அப்பெயர் ஏறிற்று. ஆம்ஸ்டர்டாமில் 1679-இல் வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் இரண்டாம் தொகுதியோ, காரநொசி, பெம்நொசி என்று நம் கருநொச்சியையும் வெண்ணொச்சியையும் லத்தீன் எழுத்தில் பதித்து வைத்திருக்கின்றது. 1753-இல் லின்னேயஸ் தம் தாவர நூலில் பெயர் சூட்டியபொழுது நொச்சி கைவிடப்பட்டு வைடெக்ஸ் நெகுண்டோ நிலைத்தது. வைடெக்ஸ் என்பது கூடை பின்னுதலோடு தொடர்புடைய பழைய ரோமானியச் சொல். நொச்சி மிலாறில் கூடை முடையும் நம்மவருக்கும் அது அந்நியமன்று. அதே நூலில், வட அமெரிக்காவின் மேப்பிள் இனத்து மரமொன்றுக்கும், அதன் கூட்டிலை நொச்சியிலையை ஒத்திருந்த காரணத்தால், நெகுண்டோ என்றே அவர் பெயரிட்டார். கடல் கடந்து போய் வேறொரு மரத்துக்குத் தன் பெயரைத் தந்துவிட்டு, இங்கே வாய்க்காலோரம் பெயர் கேட்பாரின்றி நிற்கின்றது நொச்சி.

வளர்ப்பதற்கோ அதைப்போல் இணக்கமான மரம் கிடையாது. ஐப்பசி மழை தொடங்கியதும் விரல் பருமனுள்ள முற்றிய கொப்பை ஒன்றரைச் சாண் நீளத்துக்குச் சாய்வாக வெட்டி, ஆற்று மணல் கலந்த மண்ணில் பாதிக்குமேல் புதைத்தால், சில வாரங்களில் துளிர்க்கும். வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் வெள்ளியும் குறையும், பூவும் குறையும். பூத்து ஓய்ந்தபின் கவாத்துச் செய்தால் புதர்போல் அடர்வதும், அடிக்கிளைகளைக் கழித்துவிட்டால் ஒற்றைத் தண்டில் சிறு மரமாக உயர்வதும் நம் விருப்பம். தேனீக்கள் தாமே வந்து சேரும்.

எங்கள் நொச்சியை நான் ஒற்றைத் தண்டாகவே உயர்த்தினேன். சென்ற ஐப்பசியில் அதன் அடியில் ஒரு முல்லைக் கொடியையும் ஊன்றி வைத்தேன். இந்த ஆடிக்காற்றில் அது முதற்கிளையை எட்டிப் பற்றியிருக்கின்றது.