இரண்டாவது பீப்

கணினி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன காலம் ஒன்று இருந்தது. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். கர்ப்பக்கிரகத்துக்குள் எட்டிப் பார்ப்பதுபோல மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் வரிசையாக நிற்பார்கள். அந்த அறையின் சாவி சில வருடங்கள் என்னிடம்தான் இருந்தது. நான் கணக்கு வாத்தியார். கணக்கு தெரிந்தவனுக்குக் கணினியும் தெரியும் என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள்.

போன மாதம் அதே ரகக் கணினி ஒன்று என் வீட்டுக்கு வந்தது. உறவினர் ஒருவர் பரணைக் காலி செய்து, எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்தார். தடித்த பழுப்பு வெள்ளைப் பெட்டி, மேல் வரிசையில் சிவப்பு விசைகள் பத்து. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பிபிசி மைக்ரோ!

வானொலியில் செய்தி சொல்லும் பிபிசிக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பிரிட்டிஷ் மக்களுக்குத் தொலைக்காட்சி வழியாகக் கணினி கற்றுத்தர பிபிசி 1980-களின் தொடக்கத்தில் ஒரு திட்டம் போட்டது. நிகழ்ச்சியைப் பார்ப்பவர்கள் வீட்டிலேயே பழகிப் பார்க்க ஒரு கணினியும் வேண்டுமே. அதைச் செய்யும் வாய்ப்பு கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற சிறு நிறுவனத்துக்குக் கிடைத்தது. பிபிசிக்காரர்கள் பார்க்க வருவதற்குள், ஒரே வாரத்தில், சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோரும் கூட்டாளிகளும் சேர்ந்து மாதிரிக் கணினியை ஓடவைத்தார்கள். 1981 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 12,000 விற்றால் போதும் என்று பிபிசி எதிர்பார்த்ததாம். கடைசியில் விற்றது 15 லட்சத்துக்கும் மேல்.

அதன் நினைவகம் 32 கேபி. இன்று கைப்பேசியில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படத்தைக்கூட அதற்குள் அடைக்க முடியாது. திரையில் நுணுக்கமாகப் படம் வரைய வேண்டுமென்றால் அதில் 20 கேபி திரைக்கே போய்விடும். மிச்சத்தில்தான் நம் நிரலை எழுத வேண்டும். சிக்கனம் தெரிந்த குடும்பத்தலைவிபோல அந்த இயந்திரம் நம்மையும் சிக்கனமாக யோசிக்கப் பழக்கியது.

இந்தியாவுக்கு அது வந்தது கிளாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில். 1984-85இல் நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளில் தொடங்கி, பிறகு மேலும் பல பள்ளிகளுக்கு விரிந்தது. சண்டிகர் அருகே மொகாலியில் உள்ள அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், உரிமம் பெற்று, யூனிகார்ன் என்ற பெயரில் இதே கணினியைத் தயாரித்தது. 1989இல் அந்த ஆலையில் பெரும் தீ விபத்து நடந்ததைச் சிலர் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

எங்கள் பள்ளிக்கும் சில பெட்டிகள் வந்தன. எனக்குச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் மேலிடத்திலிருந்து எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: "பையன்கள் கண்டதைத் தட்டிக் கெடுத்துவிடப் போகிறார்கள், பத்திரம்." நானும் பத்திரமாகவே பார்த்துக்கொண்டேன். நான் தட்டுவேன், மாணவர்கள் பார்ப்பார்கள். பீடி சுற்றும் வீட்டுப் பையன் ஒருவன், கணக்கில் புலி, வாரத்துக்கு ஒருமுறையாவது வந்து நிற்பான். "சார், நான் ஒரு தடவை தட்டிப் பார்க்கட்டுமா?" என்பான். "கெட்டுப் போயிரும்டா" என்பேன். பத்தாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான்.

இனி இந்தப் பரண் கணினிக்கு வருகிறேன். ஆர்வக்கோளாறில் திறந்து பார்க்காமலேயே மின்சாரம் கொடுத்தேன். சில நிமிடங்களில் 'படக்' என்று ஒரு சத்தம், வீடு முழுக்கப் புகை நாற்றம். "இந்த வயசில் இது தேவையா?" என்று வீட்டம்மா ஜன்னல்களைத் திறந்தார். மின்வழங்கிக்குள் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு கெப்பாசிட்டர்கள் உண்டு. வயதானால் மேலோட்டில் கீறல் விழுந்து ஈரம் இறங்கி இப்படித்தான் வெடிக்கும். பழைய டிவி மெக்கானிக் ஒருவர் புதியவற்றை மாற்றிக் கொடுத்தார். (உங்களிடமும் பழைய கருவி இருந்தால், மின்வழங்கியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.)

மறுபடி ஸ்விட்சைப் போட்டேன். 'பூ...' என்று தடித்த குரலில் ஒரு ஒலி, நிற்கவே இல்லை. நல்ல நிலையில் இருக்கும் பிபிசி மைக்ரோ முதலில் தடித்த குரலிலும் அடுத்து 'பீப்' என்று மெல்லிய குரலிலும் கூவும். மின்சாரம் வந்ததும் ஒலிச் சிப் தானாகவே கத்த ஆரம்பிக்கும். கணினியின் மூளை விழித்ததும் அதை அடக்கிவிட்டு, 'நான் தயார்' என்று இரண்டாவது ஒலியைக் கொடுக்கும். முதல் ஒலி நிற்கவில்லை என்றால் மூளை விழிக்கவில்லை என்று பொருள்.

அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றினேன். சாக்கெட்டில் செருகியிருந்த சிப்களின் கால்கள் கறுத்திருந்தன. இயக்க நிரல் இருக்கும் ரோம் சிப்பை மெதுவாக நெம்பி எடுத்து, கால்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து, திருப்பிச் செருகினேன்.

பூ... பீப்!

பழைய கறுப்பு வெள்ளைத் திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று வந்தது. அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி: 'லாங்குவேஜ்?' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேசிக் மொழி இருக்கும் சிப் சரியாகப் பொருந்தாததால், எந்த மொழியில் பேசுவது என்று தெரியாமல் பாவம் என்னையே கேட்கிறது. அந்தச் சிப்பையும் துடைத்துச் செருகினேன். மொழி வந்தது.

சிரிப்பு அடங்கியதும்தான் வேறொன்று உறைத்தது. அதன் இயக்க நிரலும் மொழியும் ரோம் சிப்பில் பதிந்தவை. விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அவற்றை அழிக்க முடியாது. அணைத்துப் போட்டால் பழையபடி வந்து நிற்கும். ஒரு மாணவன் தட்டிக் கெடுத்துவிடவே முடியாத பொருளைத்தான் நான் பூட்டி வைத்திருந்தேன். அதைக் கெடுப்பது எதுவென்றால் ஈரமும், தூசும், பயன்படுத்தாமல் கிடப்பதும்தான். பள்ளிக் கணினிகளும் அப்படியே கிடந்து பின்னாளில் ஏலத்தில் எடைக்குப் போயின.

அதே கேம்பிரிட்ஜ் குழு அடுத்து ஒரு சிப்பை வடிவமைத்தது. அதன் மாதிரியை பிபிசி மைக்ரோவில், பேசிக் மொழியில்தான் எழுதிப் பார்த்தார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சிப் ஓடியது. ஆர்ம் என்று பெயர். இன்று நம் எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கும் கைப்பேசியில் அதன் வழிவந்த சிப்தான் இருக்கிறது.

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஐம்பதைத் தாண்டியிருப்பான். கணினி என் வீட்டுத் திண்ணை மேசையில் இருக்கிறது. மாலையில் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் வருகிறார்கள். நேற்று ஒரு சிறுமி இரண்டு கைகளாலும் விசைகளைத் தாறுமாறாகத் தட்டிவிட்டு, பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"தட்டும்மா, ஒன்றும் ஆகாது" என்றேன்.