மணற்கரையில் வளர்ந்த விரைவோட்டம்

அரபிக்கடலுக்கும் காயலுக்கும் நடுவே, கொச்சி முகத்துவாரத்திலிருந்து வடக்கே முனம்பம் வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் வைப்பின், 1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்தின் விளைவாக உருவானதாகக் கருதப்படும் தீவு. 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரை எறணாகுளம் செல்லத் தீவு மக்கள் பெரிதும் படகையே நம்பியிருந்தனர். இன்றோ அங்குள்ள மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தின் செயற்கை ஓடுதளம் சிறிது நேரப் பயணத்தில் எட்டிவிடுகிறது. தீவின் செறாய்க் கடற்கரை மணலும் காயலுக்கு அப்பாலுள்ள அந்த ஓடுதளமும் குறுந்தொலைவு ஓட்டத்தின் வெவ்வேறு பாடங்களைக் கற்பிப்பவை. முதல் பாடத்தைக் கேரளக் கடற்கரை விரைவில் கற்றது, இரண்டாவது தாமதமாகவே வந்து சேர்ந்தது.

400 மீட்டர் வரையிலான ஓட்டங்களே குறுந்தொலைவு ஓட்டங்கள் எனப்படும். இவற்றில் புறப்பாடு, வேகமெடுத்தல், உச்ச வேகத்தைத் தக்கவைத்தல், முடிவுக்கோட்டைக் கடத்தல் என்னும் நான்கு கட்டங்கள் உண்டு. இவற்றுள் மிகப் பெரிய மாற்றங்களைக் கண்டது புறப்பாடே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஓட்டக்காரர்கள் நின்ற நிலையிலிருந்தே புறப்பட்டனர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர் சார்லஸ் ஷெரில் 1880களின் இறுதியில் கைகளைத் தரையில் ஊன்றிக் குனிந்த நிலையிலிருந்து புறப்பட்டதும், 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தாமஸ் பர்க் அதே முறையில் 100 மீட்டர் ஓட்டத்தை 12.0 விநாடிகளில் வென்றதும் அம்முறையை உலகறியச் செய்தன. ஆயினும் காலை உந்துவதற்குப் பிடிமானம் வேண்டியிருந்ததால், ஓட்டக்காரர்கள் சிறு கொத்துக்கரண்டியால் தரையில் குழி தோண்டிக்கொண்டனர்; 1936இல் பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் புறப்பட்டதும் அத்தகைய குழிகளிலிருந்துதான். 1920களின் இறுதியில் உருவான ஸ்டார்ட்டிங் பிளாக், அதாவது பாதங்களை ஊன்றி உந்துவதற்கான சாய்ந்த கட்டை, 1937இல் சர்வதேச ஒப்புதல் பெற்று, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது.

இக்கட்டையில் முன் பாதம் தொடக்கக் கோட்டிலிருந்து சுமார் இரண்டு பாத நீளமும், பின் பாதம் மூன்று பாத நீளமும் தள்ளி வைக்கப்படுவது பொதுவான அமைப்பு. 'செட்' என்ற ஆணையில் இடுப்பு தோளைவிடச் சற்றே உயர வேண்டும். முன் முழங்கால் ஏறக்குறைய செங்கோணமாகவும் பின் முழங்கால் அதைவிட விரிந்தும் இருக்க வேண்டும். துப்பாக்கி ஒலித்ததும் உடல் மேலே எழாமல், முன்சாய்ந்தபடியே தரையைப் பின்னோக்கித் தள்ள வேண்டும் என்பதும், நிமிர்தல் படிப்படியாகவே நிகழ வேண்டும் என்பதும் கட்டையோடு பழகாதவர்க்கு எளிதில் பிடிபடாதவை. ஏனெனில் அவசரமாக நிமிர்ந்து ஓடுவதே மனித உடலின் இயல்பு.

கேரளத்தில் இக்கலை வளர்ந்த விதம் தனித்தன்மையுடையது. கண்ணூரைச் சேர்ந்த சி. கே. லட்சுமணன் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் பங்கேற்றார். ஆனால் முறையான பயிற்சி அமைப்பு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1976இல் மாநில அரசு கண்ணூரில் தொடங்கிய பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவில் பி. டி. உஷா சேர்ந்தார்; விமானப்படையில் பணியாற்றிய ஓ. எம். நம்பியார் அவருடைய பயிற்சியாளரானார். பய்யோளிக் கடற்கரை அவர்களது பயிற்சிக்களங்களுள் ஒன்றாயிற்று. மணலில் கால் புதைவதால் ஒவ்வொரு அடியிலும் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன. முழங்காலை உயர்த்தாமல் முன்னேற முடிவதில்லை. இடுப்பும் கெண்டைக்காலும் வலுவடைகின்றன. எனினும் உச்ச வேகத்தில் ஓடுபவரின் பாதம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே தரையைத் தொடும். அந்த மின்னல் தொடுகையைப் புதைமணல் கற்பிக்காது, மாறாகத் தொடுகையை நீட்டிவிடும். அலை நனைத்து இறுகிய ஓரமணல் இக்குறையைச் சிறிது ஈடுசெய்தாலும், கடினமான தளத்துக்கு அது மாற்றாகிவிடாது. பய்யோளிக்குப் பொருந்தும் இவ்வுண்மை செறாய்க்கும் பொருந்தும்.

1984 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம், அப்போட்டிவகை ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்ற தருணம்; உஷாவும் அவ்வகைக்குப் புதியவரே. மற்றொரு வீராங்கனையின் தவறான புறப்பாட்டால் இறுதி ஓட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. மொராக்கோவின் நவால் எல் முத்தவாக்கில் 54.61 விநாடிகளில் வென்றார். மூன்றாமிடம் பெற்ற ருமேனியாவின் கிறிஸ்தினா கொஜோகாரு 55.41, உஷா 55.42. விதியின்படி முடிவுக்கோட்டை எட்டியதாகக் கணக்கிடப்படுவது தலையோ கையோ காலோ அல்ல, உடற்பகுதியே. ஆகையால் கடைசி அடியில் மார்பை முன்தள்ளிச் சாய்தல் தேர்ந்த ஓட்டக்காரரின் இன்றியமையாத பயிற்சி. அந்தச் சாய்வை உரிய கணத்தில் செய்யத் தவறியதை உஷாவே பின்னர்க் குறிப்பிட்டுள்ளார். இதை ஒருவரின் கவனக்குறைவாகக் கருதுவது அநியாயம். ஒளிப்படக் கருவி முடிவைத் தீர்மானிக்கும் நெருக்கமான பெரும்போட்டிகளில் அடிக்கடி ஓடுவோர்க்கே அது அனிச்சைச் செயலாகும், அத்தகைய வாய்ப்பு அக்கால இந்தியப் பெண்களுக்கு மிக அரிது. மறு ஆண்டே ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப்பில் உஷா ஐந்து தங்கப் பதக்கங்களை வென்றார். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருதை முதன்முதலில் பெற்றோருள் நம்பியாரும் ஒருவரானார்.

பின்னர் கேரளப் பள்ளித் தடகளத்தின் வலுவான மையங்களுள் ஒன்றாக எறணாகுளம் மாவட்டத்துக் கோதமங்கலம் உருவெடுத்தது. அங்குள்ள செயின்ட் ஜார்ஜ், மார் பேசில் பள்ளிகள் மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவில் நெடுங்காலம் கடுமையாகப் போட்டியிட்டன. 2024 நவம்பரில் அவ்விழாவின் தடகளப் போட்டிகள் மகாராஜாஸ் மைதானத்திலேயே நடந்தன. கட்டையும் செயற்கைத் தளமும் இன்று பள்ளிப் பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. அவற்றை மாணவர்கள் நாள்தோறும் பயன்படுத்த இடமளிப்பதே நிர்வாகங்களின் கடமை. 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷாவின் 55.42 விநாடி தேசிய சாதனையைச் சமன்செய்ய 39 ஆண்டுகள் பிடித்தன: 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச்சுற்றில் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் அதே நேரத்தைப் பதிவுசெய்து, இறுதியில் வெண்கலம் வென்றார்.