மூன்றாவது வீடு

மாற்றல் ஆணையோடு ஊருக்குப் புதிதாய் வரும் ஆசிரிய நண்பர்கள் நம்மிடம் இரண்டு வினாக்களை ஒரே மூச்சில் கேட்பதுண்டு. எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம்? பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம்? இவ்விரண்டும் ஒரே வினாவாகிவிட்ட பழங்கதையொன்று சீனத்தில் வழங்குகிறது.

கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மென்சியஸ் என்னும் அறிஞரின் இளமைக் கதை அது. கி.மு. முதல் நூற்றாண்டில் லியூ சியாங் தொகுத்த மகளிர் வரலாற்று நூலில் காணப்படுகிறது. முதல் வீடு இடுகாட்டின் அருகில் இருந்தது. சிறுவன் புதைகுழி தோண்டி விளையாடினான். அடுத்த வீடு சந்தையோரம். அங்கே விலை கூவி விற்கும் வணிகனாக நடித்தான். மூன்றாவது வீடு பள்ளியின் பக்கத்தில். அங்கே சடங்குக் கலங்களை அடுக்கி, வணங்கி, வழிவிட்டு விளையாடினான். தாய் அங்கேயே தங்கிவிட்டாள். மரபுத்தொடர் மும்முறை பெயர்ந்ததாகக் கூறினாலும், எண்ணிப் பார்த்தால் வீடுகள்தாம் மூன்று, பெயர்ச்சி இரண்டே!

லியூ சியாங் எழுதியது மென்சியஸ் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான பின்னர். மென்சியஸின் பெயரால் வழங்கும் நூலில் இவ்வீடு மாற்றம் பற்றிய குறிப்பே இல்லை. எனினும் அந்நூலில், இக்கதைக்கு வித்தாக இருந்திருக்குமோ என்று நாம் ஐயுறும் பகுதியொன்று உண்டு. தெற்கிலுள்ள சூ நாட்டு அதிகாரியொருவர் தம் மகனுக்குச் சீ நாட்டு மொழியைக் கற்பிக்க விரும்புவதாக வைத்துக்கொள்வோம். சீ நாட்டு ஆசிரியர் ஒருவரை அமர்த்தினாலும், சுற்றிலும் சூ மக்கள் இரைந்து பேசிக்கொண்டிருந்தால், நாள்தோறும் பிரம்பால் அடித்தாலும் மொழி வராது. சிறுவனைச் சீ நாட்டு நகரத் தெருக்களிலேயே சில ஆண்டுகள் குடிவைத்தாலோ, பின்னர் அடித்தாலும் சூ மொழி நாவில் ஏறாது. ஆசிரியரைவிடத் தெருவே வலிது என்னும் இவ்வாதம், சிற்றினஞ் சேராமை அதிகாரத்தைப் படித்த நமக்குப் புதிதன்று.

அத்தாய் பள்ளியின் பெயரைக் கேட்டு வீடு பார்க்கவில்லை. மகனின் விளையாட்டைப் பார்த்தே இடத்தை மதிப்பிட்டாள். பிற்காலத்தார் கதையின் மூன்றாவது வீட்டை மட்டும் நினைவில் கொண்டு, இந்தப் பார்வையை மறந்துவிட்டனர்.

1986ஆம் ஆண்டுச் சீனக் கட்டாயக் கல்விச் சட்டம், குழந்தைகள் வீட்டிற்கு அருகிலுள்ள பள்ளியில் சேர வகை செய்தது. நோக்கம் நல்லதே: தேர்வுமில்லை, நெடுவழி நடையுமில்லை. ஆயினும் நல்லாசிரியரும் நிதியும் ஏற்கெனவே சில பள்ளிகளில் குவிந்திருந்தன. 1998இல் பணியிடங்களே வீடு ஒதுக்கும் முறை கைவிடப்பட்டது, வீடு விலைப்பொருளாயிற்று. பள்ளி வீட்டை ஒட்டியது, வீடு பணத்தை ஒட்டியது. சிறப்புப் பள்ளி, பொதுப் பள்ளி என்று பிரிக்கலாகாதென 2006ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்தது. பெற்றோர் மனத்திலிருந்த பட்டியலை அதனால் அழிக்க இயலவில்லை.

2016இல் பெய்ஜிங்கின் வென்சாங் சந்தில், புகழ்பெற்ற தொடக்கப் பள்ளியொன்றின் அருகே, 11.4 சதுர மீட்டர் அறையொன்று 53 இலட்சம் யுவானுக்கு விலைபோனதாகச் செய்தி வந்தது. அன்றைய மதிப்பில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல். (வென்சாங் என்பது சீனர் வழிபடும் கல்வித் தெய்வத்தின் பெயர்!) ஒரு கட்டிலும் மேசையும் இட்டால் நிறைந்துவிடும் அவ்வறையைக் குடியிருப்பதற்காக யார் வாங்குவர்? வாங்கப்பட்டது முகவரி. மென்சியஸின் தாய் தேடிய சுற்றமும் தெருவும் அம்முகவரியில் இல்லை.

அரசு விழிக்காமலில்லை. 2020 ஜூலை 31க்குப் பின் வாங்கிய வீட்டிற்கு ஒரே பள்ளி என்னும் உறுதி கிடையாது, பல பள்ளிகளுள் ஒன்றில் இடம் ஒதுக்கப்படும் என்று அதே நகரின் ஷிசெங் வட்டம் விதித்தது.

இவ்விதிகளெல்லாம் வீடு வாங்க வல்லாரைப் பற்றியவை. இரண்டாவது வீட்டில், சந்தையோரத்தில், நின்றுவிட்டவர் நிலை வேறு. நாட்டுப்புறத்திலிருந்து வந்து பெய்ஜிங்கில் காய்கறி விற்போர்க்கும் கட்டட வேலை செய்வோர்க்கும் 'ஹுகோவு' எனப்படும் குடிப்பதிவு பிறந்த ஊரிலேயே இருந்தது. அரசுப் பள்ளியில் சேர்க்கப் பணி, வாடகை, வசிப்பு என்று சான்று மேல் சான்று வேண்டியிருந்தது. இயலாதவர் பிள்ளைகள் நகர விளிம்பில் தனியார் நடத்திய எளிய பள்ளிகளில் படித்தனர். 2011 கோடையில் அவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவற்றை மூட ஆணை வந்தது.

மென்சியஸின் தாய்க்கு ஒரு வசதி இருந்ததை இங்கே நினைக்கிறோம். அவள் நெசவு செய்தவள். தறியை எந்த வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம். இவர்களுக்கோ பிழைப்பு சந்தையிலேயே இருந்தது. மூடப்பட்ட பள்ளிகளின் பிள்ளைகளுள் சிலருக்கு வேறு பள்ளிகளில் இடம் கிடைத்தது. வேறு சிலர் பெற்றோரை நகரத்தில் விட்டு, தாத்தா பாட்டியிடம் ஊர் திரும்பினர்.