கடனும் பிணையும்: கொங்கு நாட்டுக் கிறிஸ்தவத்தில் நீதிமொழிகளின் ஞானம்

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் உள்ள நீதிமொழிகள் 31 அதிகாரங்கள் கொண்ட நூல். மாதத்தின் ஒரு நாளுக்கு ஓர் அதிகாரம் என்று இதைப் படிக்கும் வழக்கம் பல கிறிஸ்தவ வீடுகளில் உண்டு. வழிபாட்டு முறைகளைப் பற்றியும் மறுமையைப் பற்றியும் இந்நூல் குறைவாகவே பேசுகிறது. உழைப்பு, சோம்பல், நாவடக்கம், அண்டை வீட்டாருடன் உறவு, கள்ளத் தராசு, கடன், பிணை ஆகியவையே இதன் பொருள்கள். இந்த ஞானத்தை அன்றாட வாழ்வில் எப்படிக் கடைப்பிடிப்பது என்ற கேள்வி, 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொங்கு வட்டாரக் கிறிஸ்தவர்களிடையே இரண்டு வடிவங்களில் எழுந்தது. ஒன்று கடன் பற்றியது. சேலத்தில் பிறந்த கே.டி. பால் அதற்குக் கூட்டுறவு இயக்கத்தில் விடை தேடினார். மற்றொன்று மொழி பற்றியது. ஈரோட்டில் பணியாற்றிய எச்.ஏ. பாப்ளி அதற்குத் தமிழிசையிலும் திருக்குறளிலும் விடை தேடினார்.

பின்னணி

கொங்கு நாட்டில் கத்தோலிக்கத் திருச்சபை பழமையானது. கருமத்தம்பட்டி போன்ற ஊர்களில் 17-ம் நூற்றாண்டிலிருந்தே கத்தோலிக்கர்கள் வாழ்ந்துவருகின்றனர். சீர்திருத்தக் கிறிஸ்தவம் லண்டன் மிஷன் சங்கத்தின் வழியாக வந்தது. இச்சங்கம் சேலத்தில் 1827-லும் கோயம்புத்தூரில் 1830-லும் பணியைத் தொடங்கியது. சேலத்தில் ஹென்றி கிரிஸ்ப், கோயம்புத்தூரில் டபிள்யூ.பி. ஆடிஸ் ஆகியோர் முதல் பணியாளர்கள். லண்டன் மிஷன் சபைகள் 1908-ல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தன. அது 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையின் பகுதியாகியது. 1950-ல் கோயம்புத்தூர் தனித் திருமண்டலம் ஆனது.

நகரச் சபைகளில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் இருந்தனர். கிராமச் சபைகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள், பண்ணையாட்கள், சிறு குத்தகைக்காரர்கள். நகரச் சபைக்கு நீதிமொழிகள் நல்லொழுக்க நூல். கிராமச் சபைக்கு அது பேசிய கடனும் பிணையும் அன்றைய கவலைகள்.

கிணறும் கடனும்

கொங்கு வட்டாரம் மழை குறைந்த பகுதி. காவிரி, பவானி, அமராவதி, நொய்யல் ஆகிய ஆறுகளின் பாசனம் எட்டாத ஊர்களில் கிணறே வேளாண்மைக்கு ஆதாரம். கிணறு வெட்டவும், கவலை இறைக்க மாடும் வடக்கயிறும் பறியும் வாங்கவும் முன்கூட்டியே பணம் வேண்டும். பாறையில் நீர் கிடைக்காவிட்டாலும் வாங்கிய கடன் கடன்தான். கோயம்புத்தூர் மாவட்டத்தின் நிலம், கிணறு, பயிர், விலை ஆகியவற்றை விரிவாகப் பதிவு செய்தவர் எஃப்.ஏ. நிக்கல்சன். அவர் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு 1887-ல் வெளிவந்தது.

1876-78 பெரும் பஞ்சம் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. கால்நடைகளையும் நகைகளையும் நிலத்தையும் இழந்த குடும்பங்கள் மீள்வதற்கு மீண்டும் கடனையே நாடின. நிலமற்றவர்களின் நிலை இன்னும் மோசம். திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ முன்பணம் வாங்கிய பண்ணையாள் அதை உழைத்துத் தீர்க்க வேண்டும். கூலி உணவுக்கே சரியாக இருந்ததால் முன்பணம் தீரவில்லை. கடன் வாங்கியவன் கொடுத்தவனுக்கு வேலைக்காரனாகிறான் என்று நீதிமொழிகளின் 22-ம் அதிகாரம் கூறும் கருத்து, இம்மக்களுக்கு உவமை அல்ல, நேரடி அனுபவம்.

நிக்கல்சன் பின்னர் சென்னை மாகாண அரசின் ஆணைப்படி வேளாண் கடன் பற்றி ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். ஐரோப்பாவின் கடன் சங்கங்களை ஆராய்ந்த அவர், ஜெர்மனியின் ரைஃபைசன் போன்ற ஒருவரை இந்தியா கண்டடைய வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன் (1818-1888) ஜெர்மானியக் கிராமங்களின் மேயர். கிறிஸ்தவப் பற்றினால் ஏழைகளுக்கு உதவத் தொடங்கிய அவர், தானம் மட்டும் போதாது என்று உணர்ந்து, ஏழைகளே உறுப்பினராக உள்ள கடன் சங்கங்களை அமைத்தார். இம்முறையைத் தழுவிய கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இந்தியாவில் 1904-ல் வந்தது.

கே.டி. பால்

கனகராயன் திருச்செல்வம் பால் 1876 மார்ச் 24 அன்று சேலத்தில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றார். வெளிநாட்டுப் பணமும் வெளிநாட்டுத் தலைமையும் இல்லாமல் இந்தியர்களே நடத்தும் மிஷன் வேண்டும் என்ற நோக்கில், 1905 டிசம்பர் 25 அன்று வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. பால் அதன் முன்னோடிகளில் ஒருவர்; அதன் செயலாளராகப் பணியாற்றினார்.

இப்பணிக்காகக் கிராமச் சபைகளுக்குப் பயணம் செய்த பால், சபைகள் தம் போதகரைத் தாமே பேண வேண்டும் என்ற கொள்கை ஏன் நடைமுறையில் தோற்கிறது என்பதைக் கண்டார். அறுவடை களத்திலேயே கடன்காரரிடம் போய்விடும் வீட்டில், காணிக்கை கொடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. அவ்வாறிருக்க, தாராளமாகக் கொடுக்கவும் சிக்கனமாக வாழவும் போதிப்பதில் பயனில்லை. கடன் என்பது தனிமனிதனின் ஒழுக்கக் குறை மட்டுமல்ல, ஊரின் பொருளாதார அமைப்பிலுள்ள குறையும்கூட என்ற முடிவுக்குப் பால் வந்தார்.

பின்னர் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தில் சேர்ந்த பால், 1913-ல் அதன் ஊரகப் பணியைத் தொடங்கினார். 1844-ல் லண்டனில் தோன்றிய அச்சங்கம் அதுவரை பெரும்பாலும் நகர இளைஞர்களுக்கானதாக இருந்தது. பால் அதைக் கிராமத்திற்குக் கொண்டுசென்றார். கிராமங்களில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுக்கு நிதி அளிக்கச் சென்னையில் கிறிஸ்தவ மத்தியக் கூட்டுறவு வங்கி உருவானது. 1916-ல் பால் அச்சங்கத்தின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளர் ஆனார்.

பிணை என்னும் சிக்கல்

ரைஃபைசன் முறைச் சங்கங்களின் அடிப்படை வரம்பற்ற பொறுப்பு. ஓர் உறுப்பினர் கடனைத் திருப்பித் தராவிட்டால் மற்ற அனைவரும் அதற்குப் பொறுப்பு. அதாவது ஊரார் ஒவ்வொருவரும் மற்றவருக்குப் பிணை நிற்கிறார்கள். ஆனால் பிறருக்குப் பிணை நிற்பதை நீதிமொழிகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. 6, 11, 17, 22 ஆகிய அதிகாரங்களில் இவ்வெச்சரிக்கை உண்டு. சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், கிறிஸ்தவர் கூட்டுறவுச் சங்கத்தில் சேரவே முடியாது.

இதற்கு எதிர்த்திசையில் நிற்கும் பகுதிகளும் விவிலியத்தில் உள்ளன. ஏழையின் திரிகைக் கல்லை அடமானமாக வாங்கக் கூடாது என்கிறது உபாகமம். வயல்களை அடகு வைத்து, பிள்ளைகளை அடிமைகளாக்கிய மக்களின் முறையீட்டையும், வட்டியை நிறுத்தி நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்த தலைவரின் செயலையும் நெகேமியாவின் 5-ம் அதிகாரம் விவரிக்கிறது. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி பவுல் கலாத்தியருக்கு எழுதினார்.

இரண்டையும் இணைத்துப் பார்க்கும்போது, நீதிமொழிகள் எச்சரிப்பது எவ்வகைப் பிணையை என்பது தெளிவாகிறது. முன்பின் அறியாதவனின் கடனுக்கு, அவன் செலவைக் கட்டுப்படுத்தும் வழியின்றி, அவசரத்தில் கைகொடுப்பதே அது கண்டிக்கும் செயல். ரைஃபைசன் சங்கம் இந்த ஆபத்துக்கே தடை போடுகிறது. ஒருவரையொருவர் அறிந்த சிறு எல்லைக்குள் மட்டும் சங்கம் இயங்க வேண்டும். பயன் தரும் செலவுக்கே கடன் தர வேண்டும். கடன் வாங்கியவர் அதை எப்படிச் செலவிடுகிறார் என்பதை மற்றவர்கள் கவனிக்க வேண்டும். நிலத்தைவிட நடத்தையே ஈடு. உழைப்பு, வாக்குத் தவறாமை, சிக்கனம் என்று நீதிமொழிகள் புகழும் பண்புகளுக்கு இங்கே கடன் வாங்கும் தகுதி என்ற மதிப்பு கிடைத்தது.

எச்.ஏ. பாப்ளி

ஹெர்பர்ட் ஆர்தர் பாப்ளி (1878-1960) லண்டன் மிஷன் சங்கத்தின் பணியாளராக ஈரோட்டில் வாழ்ந்தவர். எழுத்தறியாத கிராம மக்களுக்கு அச்சிட்ட நூலும் ஐரோப்பிய மெட்டுப் பாடலும் பயன்படாது என்று கருதிய அவர், கீர்த்தனை, கதாகாலட்சேபம் போன்ற தமிழ் வடிவங்களைக் கையாண்டார். இந்திய இசை பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1921-ல் வெளிவந்தது. திருக்குறளில் தேர்ந்தெடுத்த குறள்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1931-ல் வெளியிட்டார்.

நீதிமொழிகளும் குறளும் சுருங்கச் சொல்லும் வடிவத்தாலும் பொருளாலும் நெருங்கியவை. இனியவை கூறல், மடியின்மை, இரவச்சம், உழவு ஆகிய அதிகாரங்களைக் கேட்டு வளர்ந்தவருக்கு நீதிமொழிகள் அந்நிய நூல் அல்ல. விவிலிய ஞானம் தமிழரின் அறமரபை அழித்துவிட்டு நடப்படவேண்டிய பயிர் அல்ல என்பதைப் பாப்ளியின் பணி காட்டியது. கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் முதல் பேராயரான ஏ.ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கியவர். அவரிடம் இதே பார்வையின் விரிவைக் காணலாம்.

பாப்ளி கே.டி. பாலின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். அது 1938-ல் வெளிவந்தது.

தொடர்ச்சி

பால் தொடங்கிய பணி 1920-களில் கிராமச் சீரமைப்பாக விரிந்தது. திருவிதாங்கூரின் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய மையம் தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, கூட்டு விற்பனை ஆகியவற்றால் புகழ்பெற்றது. கோவையை அடுத்த இராமநாதபுரத்திலும் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் கிராமச் சீரமைப்பு மையம் இயங்கியது. பால் 1930-ல் முதல் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டார். 1931 ஏப்ரல் 11 அன்று சேலத்தில் மறைந்தார்.

வரலாற்று இடம்

இம்முயற்சிக்கு எல்லைகள் இருந்தன. கடன் சங்கம் சிறிதளவேனும் நிலமோ தொழிலோ உள்ளவருக்கே முழுமையாக உதவும். நிலமற்ற பண்ணையாளின் முன்பணத்தை அதனால் எளிதில் தீர்க்க முடியவில்லை. ஒருவருக்கொருவர் பிணை நிற்கச் சாதி கடந்த நம்பிக்கை தேவை. சபைக்குள்ளேயே சாதி நீடித்த ஊர்களில் அது அரிதாக இருந்தது. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்ததால், தலித் கிறிஸ்தவர்கள் அரசின் உதவிகளையும் இழந்தனர்.

எனினும் பாலும் பாப்ளியும் ஒரு வாசிப்பு முறையை விட்டுச்சென்றனர். நீதிமொழியைத் தனிமனிதருக்கான அறிவுரையாக மட்டும் படித்தால், கடன்பட்ட ஏழை குற்றவாளியாகத் தெரிவார். ஊரின் நிலம், கூலி, வட்டி ஆகியவற்றோடு சேர்த்துப் படித்தால், அந்தக் கடனிலிருந்து அவர் மீளும் வழியை அமைப்பது சபையின் கடமையாகிறது. கந்துவட்டியும் நுண்கடனும் இன்றும் கொங்குக் கிராமங்களில் பேசப்படும் சிக்கல்களாக இருக்கும் நிலையில், அந்த வாசிப்பின் தேவை குறையவில்லை.