வாடகை வீடும் நாணயமும்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. பெருநகரங்களில் வாழ்வோர் இவ்விரண்டுடன் மூன்றாவதாக, "வாடகைக்கு வீடு தேடிப் பார்" என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். வீடு கண்ணுக்குப் பட்ட பின்னரும், அதில் குடிபுகத் தக்கவர் தாமே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தேடி வந்தவர் தலையில் விழுகிறது.

தில்லியில் நம்முடன் பணிபுரியும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பதின்மூன்று ஆண்டுகள் ஒரே வீட்டில் குடியிருந்தார். அரசுக் குடியிருப்புக்கான வரிசையில் அவர் முறை இன்னும் வரவில்லை. இருந்த வீடு விலைப்பட்டுவிடவே, கரோல் பாகில் வேறு வீடு தேடினார். வாடகை பேசி முடிந்தது. முன்பணமும் எடுத்து வைத்தாயிற்று. கடைசி நேரத்தில் வீட்டுச் சொந்தக்காரர் நண்பருடைய கடன் தகவல் அறிக்கையைக் காட்டுமாறு கேட்டார். நண்பரோ தம் மைத்துனர் வாங்கிய கடனுக்குப் பிணைக் கையெழுத்து இட்டிருந்தவர். மைத்துனருடைய தொழில் நொடித்தது, தவணைகள் தவறின, அந்தக் கறை நண்பருடைய அறிக்கையிலும் படிந்திருந்தது. வீடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு மாத வாடகையேனும் பிந்தியது இல்லை. அதைக் கேட்பார் ஒருவரும் இல்லையே என்று அவர் நம்மிடம் வருந்தினார்.

நேயர்களே, அவருடைய வருத்தமே இவ்வுரைக்கு வித்து. 'நாணயம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். காசு இல்லாதவனிடம் சொல் தவறாமை இருக்கலாம். காசு உள்ளவனிடம் அது இல்லாமலும் போகலாம். குடியிருக்க இடம் கேட்டு வருபவனிடம் இவ்விரண்டில் எதை நோக்குவது என்பதில் நம் நாட்டு நகரங்கள் நூற்றைம்பது ஆண்டுகளாகத் தடுமாறி வந்துள்ளன. அத்தடுமாற்றத்தின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

இவ்வரலாறு தெளிவாகத் தெரியும் நகரம் பம்பாய், அதாவது இன்றைய மும்பை. அங்கே முதல் பஞ்சாலை 1854இல் தொடங்கப்பெற்று 1856இல் இயங்கலாயிற்று. அடுத்த அரை நூற்றாண்டில் ஆலைகள் பல்கின. இரத்தினகிரி, சாத்தாரா முதலிய மாவட்டங்களிலிருந்து உழவர் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தனர். அவர்களுக்கென எழுந்தவையே 'சால்' எனப்படும் வரிசைக் குடியிருப்புகள். ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை, அறைகளின் முன்னே பொதுத் தாழ்வாரம், பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம்.

ஊரிலிருந்து மூட்டையுடன் வந்து இறங்கியவனுக்கு அவ்வோர் அறையை நம்பிக் கொடுத்தவர் யார்? அவனைப் பற்றிய ஏடு எங்கும் இல்லை. ஆனால் ஆள் இருந்தது. ஆலைக்கு ஆள் சேர்க்கும் ஜாபர் என்ற மேஸ்திரி, "இவன் என் ஆள்" என்று ஒரு சொல் சொன்னால் அறை கிடைத்தது. மளிகைக் கடையில் பற்று எழுதினார்கள். மேஸ்திரி இல்லையேல் சொந்த ஊர்க்காரன் ஒருவன் தன் அறையில் இடம் கொடுத்தான். ஆளை அறிந்தவர் ஆளுக்குப் பிணை நின்ற காலம் அது. அதனை நாம் பொற்காலம் என்று கூறவில்லை. மேஸ்திரியின் சொல்லுக்கு விலை இருந்தது. வேலைக்குக் கையூட்டு, கடனுக்கு வட்டி, சில இடங்களில் வாடகை ஆகிய எல்லாம் அவர் ஒருவர் கைக்கே போயின. அவரைப் பகைத்தவன் வேலையுடன் கூரையையும் இழக்க நேர்ந்தது.

அக்காலத் தொழிலாளரின் கடன் நிலை எவ்வாறு இருந்தது? 1929இல் விட்லி என்பவர் தலைமையில் அமைக்கப்பட்ட அரசத் தொழிலாளர் ஆணையம் 1931இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத குடும்பங்கள் கடன்பட்டவை என்றும், அவற்றில் மிகப் பலவற்றின் கடன் மூன்று மாதச் சம்பளத்தையும் விஞ்சியது என்றும் அவ்வாணையம் கணித்தது. ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி என்பது வழக்கமாய் இருந்தது. பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்த அந்நாளில், இஃது ஆண்டுக்கு நூற்றுக்கு 75 ஆகும்.

இக்கடன் முழுவதும் ஊதாரித்தனத்தால் விளைந்ததா? அன்று. பம்பாய் ஆலைகளில் ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதத்தின் நடுப்பகுதியிலேதான் கைக்கு வந்தது. புதிதாக வேலையில் சேர்ந்தவன் ஆறு வாரங்கள் கடனில்தான் உண்ண வேண்டும். கடனில்தான் உறங்க வேண்டும். அத்துடன் நோய், திருமணம், வேலை நிறுத்தம் ஆகியவையும் வந்து சேர்ந்தன. 1928ஆம் ஆண்டின் பஞ்சாலை வேலை நிறுத்தம் ஏறத்தாழ ஆறு மாதங்கள் நீடித்தது. ஆறு மாதம் சம்பளம் காணாத குடும்பத்தின் கணக்கேடு எங்ஙனம் பழுதின்றி இருக்கும்? கடன் ஏட்டில் கறை உள்ளவனுக்கு வீடு இல்லை என்னும் விதி அன்று இருந்திருந்தால், பம்பாய்த் தொழிலாளரில் மூன்றில் இரு பங்கினர் தெருவில் நின்றிருப்பர், ஆலைகளும் நின்றிருக்கும்.

கடன்பட்டவனுக்கும் வாழ்வு உண்டு என்பதைச் சட்டம் சிறிது சிறிதாக ஒப்புக்கொண்டது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கடனுக்காகப் பொருள்களைப் பறிமுதல் செய்யும்போது உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவி ஆகியவற்றைத் தொடலாகாது என்று விதித்தது. 1934இல் வங்காளத்தில் இயற்றப்பட்ட சட்டம், சம்பள நாளன்று ஆலை வாயிலில் கடன்காரர் வந்து காத்து நிற்பதைக் குற்றமாக்கியது. 1936இல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் இடங்களில் ஏழாம் நாளுக்குள்ளும், ஏனைய இடங்களில் பத்தாம் நாளுக்குள்ளும் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்றது. அதே ஆண்டில், கொடுக்க வழியற்ற நேர்மையான கடனாளியைச் சிறையிலிடுவதற்கும் தடை வந்தது. ஏமாற்றுபவன் வேறு, இயலாதவன் வேறு என்னும் பேருண்மையைச் சட்டம் அன்று ஏற்றுக்கொண்டது.

வாடகைச் சட்டங்களின் வரலாறும் இதனுடன் இணைந்து சென்றது. முதல் உலகப் போரின் நெருக்கடியில் 1918இல் பம்பாயிலும், 1920இல் கல்கத்தாவிலும் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. இரண்டாம் போரும் நாட்டுப் பிரிவினையும் நெருக்கடியைப் பன்மடங்காக்கின. 1941இல் சுமார் 9 இலட்சமாக இருந்த தில்லியின் மக்கள் தொகை, அகதிகளின் வருகையால் 1951இல் சுமார் 17 இலட்சமாயிற்று. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், உரிய வாடகையைச் செலுத்தி வருபவனை, அல்லது செலுத்த அணியமாக உள்ளவனை, வாடகையைச் சாக்கிட்டு வெளியேற்றலாகாது என்றது. 1958ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகை தவறியவனுக்கும் அறிவிப்புக்குப் பின் இரண்டு மாதத் தவணை அளித்தது; வழக்கு வந்த பின்னரும் பாக்கியைக் கட்டிக் குடியிருப்பைக் காத்துக்கொள்ள ஒரு முறை வாய்ப்பும் தந்தது.

இச்சட்டங்கள் கேட்ட கேள்வி ஒன்றே: "இவ்வீட்டின் வாடகையை இவன் செலுத்துகிறானா?" மளிகைக் கடையில் பாக்கி உண்டா, வட்டிக்காரனிடம் சீட்டு உண்டா என்று அவை கேட்கவில்லை. வாடகைக் கணக்கு வேறு, கடன் கணக்கு வேறு என்று கண்டது அவற்றின் பெருமை எனலாம்.

எனினும் அவற்றில் ஒரு குறையும் இருந்தது. அச்சட்டங்கள் வீட்டினுள்ளே இருப்பவனைக் காத்தன. வாயிலில் நிற்பவனைக் காக்கவில்லை. பம்பாயில் வாடகை, 1940ஆம் ஆண்டு செப்டம்பர் மாத அளவிலேயே பெரும்பாலும் உறைந்து நின்றது. விலைவாசி ஏற ஏற, வரும் வாடகை பழுது பார்க்கவும் போதவில்லை. ஒரு முறை உள்ளே வந்தவனை வெளியேற்றுவதும் அரிதாயிற்று. எனவே, ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிவிடுமோ என்று சொந்தக்காரர் அஞ்சியதில் வியப்பில்லை. வாடகையில் கிடைக்காததை நுழைவிலேயே மொத்தமாக வாங்கிக்கொள்ளும் வழக்கம் அவ்வச்சத்திலிருந்தும் ஆசையிலிருந்தும் வேரூன்றியது. அதற்குப் 'பகடி' என்று பெயர். இந்தி, மராத்தி மொழிகளில் அச்சொல்லுக்குத் தலைப்பாகை என்பது பொருள். தமிழில் பகடி என்றால் கேலி. ஏழைக்கு அது தமிழ்ப் பொருளிலேயே வந்து வாய்த்தது! பகடி வாங்குவது 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும் மறைவில் தழைத்தது. கையில் மொத்தப் பணம் உள்ளவனுடைய நாணயத்தை யாரும் வினவவில்லை. கடனில் உழல்பவன், வாடகையை ஒழுங்காகக் கொடுக்கவல்லவன் ஆயினும், குடிசைப் பகுதிக்கே போனான். 1999ஆம் ஆண்டின் மகாராட்டிர வாடகைச் சட்டம் 2000இல் நடைமுறைக்கு வந்தபோது, அத்தகைய தொகையைப் பெறுவதைச் சட்டத்திற்கு உட்பட்டதாகவே ஆக்கிவிட்டது.

பிற நகரங்களில் முன்பணம் அவ்விடத்தைப் பிடித்தது. பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் பலரும் அறிந்ததே. 2021ஆம் ஆண்டு சூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீட்டிற்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேற்படலாகாது என்கிறது. ஆனால் அது மாதிரியே. மாநிலங்கள் தத்தம் சட்டமாக ஆக்கினாலன்றி அது செல்லுபடியாகாது.

ஆள் பிணையும் பணப் பிணையும் இருந்த இடத்திற்கு இப்பொழுது ஏட்டுப் பிணை வந்து நிற்கிறது. 'சிபில்' எனப்படும் கடன் தகவல் நிறுவனம் 2000இல் தோன்றியது. அத்தகைய நிறுவனங்களுக்கான சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. ஒருவரின் கடன் ஒழுங்கு 300 முதல் 900 வரையிலான எண்ணால் சுட்டப்படுகிறது. வங்கிக்கு அது பயனுள்ள கருவி என்பதை நாம் மறுக்கவில்லை. மேஸ்திரியின் தயவுக்கும் சாதி, ஊர் விசாரணைக்கும் ஆட்படாத எண் ஒன்று இருப்பது ஒருவகையில் முன்னேற்றமே.

ஆயினும் அவ்வேடு எதைப் பதிகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வங்கிக் கடனில் தவறிய தவணை அதில் ஏறுகிறது. பிறருக்கு நின்ற பிணையும் ஏறுகிறது. மாதந்தோறும் தவறாது கொடுத்த வாடகையோ வழக்கமாக அதில் ஏறுவதில்லை. வாடகைக்கு வருபவனை மதிப்பிட வாடகையையே பதியாத ஏட்டைப் புரட்டுவது, சமையற்காரனைத் தேர்ந்தெடுக்க அவனுடைய கையெழுத்தைச் சோதிப்பதை ஒக்கும். மேலும், 2005ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகவலைக் கடன் வழங்கும் நிறுவனங்களும் குறிப்பிட்ட சில அமைப்புகளும் மட்டுமே பெறுமாறு வகுத்துள்ளது. தனிப்பட்ட வீட்டுச் சொந்தக்காரர் அதனை நேரே பெற இயலாது. குடிவருபவரைக் காட்டுமாறு கேட்கலாம், அவ்வளவே. ஆனால் தலைக்கு மேல் கூரை தேடுபவன் மறுத்துக் கூறும் நிலையிலா இருக்கிறான்?

இந்நிலையில் கறை படிந்த ஏட்டுடன் வீடு தேடுபவர் செய்யத்தக்கன சில உண்டு. முதலாவது, ஏட்டைத் தாமே முன்னதாகப் படித்தறிதல். 2017 முதல் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையைக் கட்டணமின்றி அளிக்கக் கடமைப்பட்டுள்ளது. பிழை இருப்பின் முறையிட வேண்டும். 30 நாளுக்குள் தீர்க்கப்படாவிடின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 முதல் நடைமுறையில் உள்ள விதி. இரண்டாவது, வாடகைச் சீட்டுகளைப் பேணுதல். கொடுத்த வாடகைக்குச் சீட்டுப் பெறுவது குடியிருப்பவரின் உரிமை. தில்லிச் சட்டம் அதனை வெளிப்படையாகவே கூறுகிறது. மூன்றாவது, கறையை மறையாது உரைத்து, அதன் காரணத்தையும் கூறுதல். பின்னர் வெளிப்படும் உண்மையைக் காட்டிலும் முன்னர்ச் சொன்ன உண்மைக்கு மதிப்பு மிகுதி.

நம் நண்பர் அவ்வாறே செய்தார். வருமான வரிக்காகச் சேர்த்து வைத்திருந்த பதின்மூன்று ஆண்டு வாடகைச் சீட்டுகளை ஆண்டுவாரியாக நூலிட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு, வேறொரு தெருவில் முதிய அம்மையார் ஒருவரைக் காணச் சென்றார். பிணை நின்ற கதையையும் தாமே கூறினார். அம்மையார் கண்ணாடியை அணிந்துகொண்டு கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாராம். நடுவே ஒரு சீட்டு காணாமற்போயிருந்த மாதத்தைச் சுட்டி, அது என்னவாயிற்று என்றும் வினவினாராம். நண்பர் அம்மாத வங்கிக் கணக்கைக் காட்டவே, தாழ்ப்பாளின் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அம்மையார் ஏமாளி அல்லர். நம்மினும் நுணுக்கமாகவே ஆராய்ந்தார். ஆனால் ஆராய வேண்டிய ஏட்டை ஆராய்ந்தார். நேயர்களே, வீட்டை வாடகைக்கு விடுவோர் நம்மிலும் பலர் உண்டு. வாயிலில் ஒருவர் வந்து நிற்கும்போது அவருடைய நாணயத்தைக் கேட்பது நம் உரிமைதான். காசைப் பற்றிய நாணயத்தைக் கேட்கிறோமா, சொல்லைப் பற்றிய நாணயத்தைக் கேட்கிறோமா என்பதை மட்டும், கேட்குமுன் ஒரு முறை எண்ணிப் பார்ப்போமாக.